பிணியும் பிணமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில், ஆளைப் பிணமாக்குவதால்தான் பிணி என்று பெயர் வந்ததாக ஒரு வரி. நாலு நாளாகியும் அது எனக்குத் தொண்டையை விட்டு இறங்கவில்லை.

பிணி என்றால் கட்டு. பிணித்தல், பிணைப்பு, கோர்ட்டில் கொடுக்கிற பிணை எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள். தங்களுக்குத் தெரியாததா? 'கேட்டார்ப் பிணிக்கும் தகையவாய்' என்று நல்ல பேச்சுக்கு இலக்கணம் சொல்கிறது குறள் (643). உங்கள் கணக்குப்படி பார்த்தால், நல்ல பேச்சாளர் மைக்கைப் பிடித்ததும் எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் அத்தனை பேரும் பிணம். சங்கப் பாட்டில் அரும்புகூடப் பிணி அவிழ்ந்துதான் மலர்கிறது. அங்கே செத்தது யார் ஐயா?

நோவது நோய், கட்டிப்போடுவது பிணி. களத்தில் போரடிக்கும்போது மாடுகளைக் கழுத்தோடு கழுத்தாகக் கட்டிச் சுற்றவிடுவோம். அதற்குப் பிணையல் என்று பெயர். என் அம்மா வாதத்தில் ஆறு வருடம் கட்டிலோடு கிடந்தாள். முகத்தில் ஈ உட்கார்ந்தால் ஓட்டுவதற்கும் ஆளைக் கூப்பிட வேண்டும். "பிணையல் மாட்டையாவது பொழுது சாஞ்சா அவுத்து விடுவாங்கடா" என்பாள். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள். உங்கள் கட்டுரையாளர் பெயருக்குப் பின்னால் மூன்று பட்டம் இருக்கிறது.

நான் 31 வருடம் தபால்காரனாக உங்கள் இதழை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தவன். ஓய்வு பெற்றபோது 'பணி நிறைவு விழா' என்று எழுதி அனுப்பினேன். 'பிணி நிறைவு விழா' என்று அச்சிட்டீர்கள். ஒரு வாரம் ஊரே வந்து உடம்பு இப்போது தேவலையா என்று விசாரித்தது. ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தவர்களும் உண்டு. திருத்தம் கேட்டு இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. தபாலில் தொலைந்திருக்கும் என்று சொல்லிவிடாதீர்கள். அதை மட்டும் என்னால் நம்ப முடியாது. குறுக்கெழுத்துக்கு விடை போடுவதையும் தீபாவளியோடு நிறுத்திவிட்டீர்கள். சரி, அதை விடுங்கள்.

அடுத்த இதழில் 'பிணி என்பது கட்டு' என்று ஒரு வரி திருத்தம் போட்டால் போதும். ராசிபலனுக்குக் கீழே மூலையில் இருந்தாலும் பரவாயில்லை. அதில் எழுத்துப்பிழை வராமல் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தபால்காரர்,
மன்னார்குடி