செயலாளர் ஆண்டறிக்கை: பேச்சுப் பயிற்சி பெறும் குழந்தைகளின் பெற்றோர் சங்கம்

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. திக்குவாய் பற்றி ஓர் உரை, புதிய பெற்றோருக்கு ஓர் அறிமுகக் கூட்டம் நடந்தன.

பங்கேற்பு ஆய்வைப் பற்றி, அதாவது பிள்ளைகளும் பெற்றோரும் தெரபிஸ்ட்டோடு சேர்ந்து செய்யும் ஆய்வைப் பற்றி, கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். "ஆய்வெல்லாம் நமக்கெதற்கு, தெரபிஸ்ட் பார்த்துக்கொள்வார்" என்று சென்ற பொதுக்குழுவிலேயே சிலர் சொன்னீர்கள். ஆனால் பயிற்சி எப்படி இருக்க வேண்டும் என்று நாம் அதுவரை பிள்ளைகளிடம் கேட்டதே இல்லை. ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை (1989) 13ஆம் பிரிவில், குழந்தை தன் எண்ணத்தை வாய்மொழியாக மட்டுமல்ல, எழுத்திலோ ஓவியத்திலோ தனக்குப் பிடித்த வேறு வழியிலோ சொல்லலாம் என்று இருக்கிறது. பேச்சு தெளியாத நம் பிள்ளைகளுக்கே எழுதியது போல அதை நான் படித்தேன்.

அதனால் படஅட்டைகள் செய்தோம். கண்ணாடி முன் பயிற்சி, ஊதுவது, வீட்டுப்பாடம் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை. 'பிடிக்கும்', 'பிடிக்காது', 'தெரியலை' என மூன்று தட்டுகள். போதும் என்றால் தூக்கிக் காட்ட ஒரு சிவப்பு அட்டை. வீட்டுப்பாட அட்டை திரும்பத் திரும்ப 'பிடிக்காது' தட்டிலேயே விழுந்தது. ஏன் என்று கேட்டதற்கு ஒரு பிள்ளை, "அப்போ அம்மா டீச்சர் ஆயிடுறாங்க" என்றது. அந்த அம்மாவின் குறிப்பேட்டில் 'சோம்பல், மறுக்கிறான்' என்று இருந்தது. இன்னொரு பிள்ளைக்கு 'ர' எத்தனை முறை சரியாக வருகிறது என்று நாங்கள் எண்ணிக்கொண்டிருந்தோம். அவள் வரைந்ததோ, மற்றவர்கள் விளையாடும்போது ஓரமாக நிற்கும் தன்னை. அப்புறம் தெரபிஸ்ட்டும் அந்த வீட்டாரும் சேர்ந்து உட்கார்ந்து, "என்னையும் சேர்த்துக்கோ" என்று கேட்பதையே பயிற்சியாக்கினார்கள். அவளுக்கு ஒலி திருந்தியதா என்று இப்போதே சொல்ல முடியாது. ஆனால் "சேர்த்துக்கோ" என்று கேட்கத் தொடங்கிவிட்டாள்.

இதையெல்லாம் கூடிப் பேச வைத்த கடைசிக் கூட்டத்துக்குப் பெற்றோர் நான்கு பேர்தான் வந்தார்கள். வேலை, உடல்நிலை எல்லாம் எனக்கும் புரிகிறது. ஆனால் கண்டுபிடித்ததைப் பெற்றோர் படித்து 'இது சரி, இது தப்பு' என்று சொல்லாவிட்டால், அது பங்கேற்பு ஆய்வே ஆகாது. தெரபிஸ்ட் மட்டும் எழுதும் இன்னொரு அறிக்கையாகிவிடும்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். செலவு வரவுக்குள் அடங்கியது, கையிருப்பு சொற்பம். இரண்டாண்டுச் சந்தா பாக்கி பலரிடம் நிற்கிறது. அட்டை அச்சிட்டதில் ஒரு பகுதியை நானே போட்டேன். அதைத் திருப்பிக் கேட்கவில்லை.

நேரம் ஒதுக்கிய தெரபிஸ்ட்டுகளுக்கும், இடம் தந்தவர்களுக்கும், தணிக்கையாளருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இந்தப் பொறுப்பில் யார் இருந்தாலும் சரி, அட்டைகளும் குறிப்பேடுகளும் என் வீட்டில் பத்திரமாக உள்ளன. மாதத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்கக்கூடிய இரண்டு பெற்றோர் முன்வந்தால் அடுத்த சுற்றைத் தொடங்கிவிடலாம். இன்று கூட்டம் முடிந்ததும் நான் வாசலருகே இருப்பேன்.

இப்படிக்கு,
செயலாளர்