குரல் நகல் எடுக்கும் அனிமே ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பு நண்பர்களே,

அனிமே எனும் ஜப்பானிய அனிமேஷன் தொடர்களுக்குப் பேசும் குரல் நடிகர்களின் குரலை ஏஐ மென்பொருளில் ஏற்றி, அதைப் பாட வைத்தும் பேச வைத்தும் நீங்கள் போடும் வீடியோக்களைப் பற்றித்தான் இந்த மடல். பிரியத்தில்தான் செய்கிறீர்கள், தெரியும். ஆனாலும் நிறுத்துங்கள் என்று கேட்கிறேன். ஏன் என்று சொல்ல ஒருவருடைய வாழ்க்கை போதும்: டோரேமான் என்ற ரோபோப் பூனையின் குரலாக இருந்த ஓயாமா நொபுயோ.

1933இல் டோக்கியோவில் பிறந்தவர். சின்ன வயதிலிருந்தே கரகரத்த குரல். நடுநிலைப் பள்ளியில் சேர்ந்த புதிதில் அவர் வாய் திறந்ததும் வகுப்பே சிரித்தது, பேசுவதையே விட்டுவிட்டார். அம்மா விடவில்லை. பலவீனமான இடத்தைப் பொத்தி வைத்தால் அது இன்னும் பலவீனமாகும், குரலைப் பயன்படுத்து என்றார். மகள் போய்ச் சேர்ந்தது பள்ளியின் ஒலிபரப்புக் குழுவில்! அப்புறம் நடிப்புப் பயிற்சி, 1956இல் தொலைக்காட்சி.

1979 ஏப்ரலில் டிவி அசாஹியில் டோரேமான் தொடங்கியபோது அவருக்கு வயது 45. அந்தப் பாத்திரத்துக்கு அவர் முதல் குரல் அல்ல. 1973இல் வேறொரு தொலைக்காட்சியில் வந்த டோரேமானுக்குப் பேசிய இருவரில் ஒருவர், 'டிராகன் பால்' தொடரின் நாயகன் கோகுவின் குரலாக நாம் கொண்டாடும் நொசாவா மசாகோ. ஓயாமா தன் டோரேமானைத் தானே யோசித்து உருவாக்கினார். ஒரு பிள்ளையைப் பார்த்துக்கொள்ள எதிர்காலத்திலிருந்து வந்த ரோபோ கெட்ட வார்த்தை பேசாது என்று தீர்மானித்தார். வசனத்தில் முரட்டுத்தனம் தெரிந்த இடங்களை மென்மையாக்கினார். "நான் டோரேமான்" என்று பணிவாகத் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் தொனி அப்படித்தான் வந்தது. டோரேமானின் குரல் இப்படித்தான் இருக்குமா என்று படைத்தவரான ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோவே வியந்தாராம்.

நீங்கள் மென்பொருளுக்குக் கொடுக்கும் ஒலித்துண்டில் அந்தக் கரகரப்பு இருக்கும். இந்தச் சொல் வேண்டாம் என்று ஒதுக்கிய மனசு இருக்காது. அதே குரலை வைத்து ஒரு கொச்சைப் பாட்டைப் பாட வைக்கும்போது, 26 வருடம் அவர் கட்டிக்காத்த ஒன்றைத்தான் உடைக்கிறீர்கள்.

2001இல் அவருக்குக் குடல் புற்றுநோய் வந்தது. 2005இல், தொடரின் மற்ற முக்கியப் பாத்திரங்களான நொபிதா, ஷிசுகா, ஜியான், சுனியோவுக்குப் பேசியவர்களோடு சேர்ந்து அவரும் விலகினார். அடுத்து வந்த மிசுதா வாசாபி அவரை நகலெடுக்கவில்லை. தன் வழியில் பேசினார், இன்றைய ஜப்பானியக் குழந்தைகளுக்கு டோரேமான் என்றால் மிசுதாதான். 2010இல் ஒரு வீடியோ கேமில் மோனோகுமா என்ற கொடூரக் கரடிக்குப் பேசினார் ஓயாமா. 2012இல் அவருக்கு மறதிநோய் என்று தெரியவந்தது. பிறகு அந்தக் கரடியின் குரல் தாராகோ என்ற இன்னொரு கலைஞருக்குப் போனது. ஒருவரால் முடியாமல் போனால் இன்னொரு மனிதரிடம் கேட்பதுதான் அங்கே வழக்கம். எனக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது.

2024 செப்டம்பர் 29இல், 90 வயதில், ஓயாமா காலமானார். செய்தி வெளியானது அக்டோபரில். அனுமதியில்லாத ஏஐ குரல்களுக்கு எதிராக 26 குரல் நடிகர்கள் ஒன்றாகக் குரல் எழுப்பியதும் அதே மாதம்தான். குரல் என்பது பதிப்புரிமைக்குள் வரும் படைப்பு அல்ல என்பதால் அவர்களுக்குச் சட்டத்தின் துணை குறைவு. ரசிகர்களின் நல்ல மனசைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. அவர்கள் தொழில்நுட்பத்தையே வெறுக்கவும் இல்லை. 'அட்டாக் ஆன் டைட்டன்' அனிமேயின் நாயகன் எரெனுக்குக் குரல் கொடுத்த காஜி யூகி தன் குரலைக் கொண்டு தானே ஒரு ஏஐ குரல் செய்திருக்கிறார். அது அவர் விருப்பம். வருடக்கணக்கில் நினைவு தப்பிப் போன ஓயாமாவிடம் யார் விருப்பம் கேட்டார்கள்?

போட்ட வீடியோக்களை எடுத்துவிடுங்கள். பயிற்றுவித்த குரல் கோப்புகளை யாருக்கும் அனுப்பாதீர்கள். ஓயாமாவின் குரல் வேண்டுமென்றால் அவர் பேசிய அத்தியாயங்களே ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. அதற்கு மேலும் ஆசை இருந்தால் மைக்கை எடுத்து டோரேமானை உங்கள் குரலில் பேசிப் போடுங்கள். முதல் ஆளாக நான் கேட்பேன்.

அன்புடன்,
உங்களைப் போல ஓர் அனிமே ரசிகன்