பெரியவனைப் பற்றிக் கேட்ட அக்காவுக்கு

சுங்கை சிப்புட், மலேசியா

அன்புள்ள அக்கா,

வணக்கம். பெரியவன் பெரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்துக்கு) போகாமல் படுத்துக் கிடக்கிறான், போதைப்பொருள் எடுக்கும் "அந்தப் பழக்கம்" வந்திருக்குமோ என்று கேட்டிருந்தீர்கள். கண் சிவந்திருப்பதையும் கோபத்தையும் மட்டும் வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். செம்பனை ஆலையில் இரவு வேலை பார்ப்பவனுக்கும் கண் சிவக்கும். மெலிவும் வியர்வையும் காசநோயிலும் வரும், தைராய்டு கோளாறிலும் வரும். எது, எத்தனை நாளுக்கு ஒருமுறை திரும்பி வருகிறது என்று பாருங்கள். விஷயம் அதில்தான் பிடிபடும்.

கதவுக்குப் பின்னால் தொங்கும் காலண்டரில் 2 வாரம் குறித்து வையுங்கள்: எப்போது தூங்கினான், சாப்பிட்டானா, எப்போது பணம் கேட்டான். ஷாபு (மெத்தாம்பெட்டமைன் என்ற போதைப்பொருள்) என்றால் 2, 3 இரவு தூக்கமும் இருக்காது, பசியும் இருக்காது. நடுராத்திரியில் மோட்டாரைக் கழற்றிக் கழற்றிப் பூட்டுவான், பல்லைக் கடிப்பான், யாரோ வேவு பார்க்கிறார்கள் என்று திரைச்சீலையை விலக்கி விலக்கிப் பார்ப்பான். பிறகு ஒரு நாள் முழுக்கத் தூங்கி எழுந்து சோற்றுப் பானையைக் காலி செய்வான்.

ஹெரோயின் வேறு மாதிரி. பேசிக்கொண்டிருக்கும்போதே தலை தொங்கும், மூக்கைச் சொறிவான், மலச்சிக்கல் இருக்கும். காலையில் கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்சு, வயிற்றுப்போக்கு என்று சளிக்காய்ச்சல் போலவே தெரியும். வெளியே போய்விட்டு அரை மணியில் வரும்போது அத்தனையும் மறைந்திருக்கும். எந்தச் சளியும் அரை மணியில் போகாது, அக்கா. இதைப் பார்த்தால் கட்டாயம் குறித்து வையுங்கள்.

கண்மணியையும் கவனியுங்கள். மங்கிய விளக்கிலும் குண்டூசி முனை போலச் சுருங்கியிருந்தால் ஹெரோயின் வகை. நல்ல வெளிச்சத்திலும் அகலமாகவே இருந்தால் ஷாபு வகை. இதுவும் மற்ற அடையாளங்களோடு சேர்ந்தால்தான் பேசும்.

மூடியில் ஓட்டை போட்டு 2 உறிஞ்சுகுழல் செருகிய தண்ணீர்ப் பாட்டில் கிடைத்தால் அது ஷாபு புகைக்க. பழுப்பும் கறுப்புமாக நத்தை ஊர்ந்த தடம் போலக் கோடு விழுந்த அலுமினியத் தாள் ஹெரோயினுடையது. பிளாஸ்டிக் பையில் கட்டிய கசப்பான கெத்தும் தண்ணீரும் (கெத்தும் என்ற போதை இலையைக் காய்ச்சியது) இருமல் மருந்துக் குப்பிகளும் சேர்ந்து கிடந்தால், "இலைதானே" என்று விட்டுவிடாதீர்கள். அதற்கும் உடம்பு அடிமையாகும்.

சிறுநீர்ப் பரிசோதனை அட்டை வாங்கித் திருட்டுத்தனமாகச் சோதிக்க வேண்டாம். சில சளி மாத்திரைகளே தவறான முடிவைக் காட்டும். ஷாபு எடுத்து 4, 5 நாள் கடந்துவிட்டால் ஒன்றுமே காட்டாமலும் போகலாம். இரண்டுக்கும் மேலாக, உங்கள் மேல் அவனுக்கு இருக்கும் நம்பிக்கை போய்விடும்.

எப்போது கேட்பது? போதையில் இருக்கும்போது வேண்டாம், மாமன் சித்தப்பா கூடியிருக்கும்போதும் வேண்டாம். அவன் தூங்கி எழுந்து சாப்பிட்டு முடித்த நேரம் பாருங்கள். "நீ குடிகாரனா, கஞ்சாக்காரனா" என்று ஆரம்பித்தால் கதவு அடைபடும். "செவ்வாய்க்கிழமையிலேர்ந்து நீ தூங்கலப்பா, என்ன எடுக்குற, எத்தன நாளா?" என்று கேளுங்கள். பொய் சொன்னாலும் கத்தாதீர்கள், மறுநாள் மறுபடி கேளுங்கள்.

அவனை அறையில் பூட்டி வைத்துப் போதையை நிறுத்தப் பார்ப்பீர்களோ என்பதுதான் எங்களுக்குப் பெரிய கவலை. ஹெரோயின் நிறுத்திய அவதி முதல் 3 நாள் உச்சத்தில் இருக்கும், ஒரு வாரத்தில் தணியும். அதற்குள் பழைய அளவைத் தாங்கும் சக்தி உடம்பை விட்டுப் போய்விடும். வெளியே போய்ப் பழைய அளவையே எடுத்தால் மூச்சே நின்றுவிடலாம். குறட்டை போன்ற மெதுவான மூச்சும் நீலம் பாய்ந்த உதடும் தெரிந்தால், ஒருக்களித்துப் படுக்க வைத்து உடனே 999 அவசர எண்ணுக்கு அழையுங்கள்.

மற்றபடி அரசாங்கக் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். ஹெரோயினுக்கு 2005 முதல் மெத்தடோன் என்ற மாற்று மருந்துச் சிகிச்சை இருக்கிறது. ஷாபுவுக்கு அப்படி மாற்று மருந்து கிடையாது, ஆலோசனையும் தொடர் கவனிப்பும்தான். 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி தேசியப் போதைப்பொருள் தடுப்பு நிறுவனத்திடம் அவனே முன்வந்து சிகிச்சை கேட்கலாம். போகும்போது அந்தக் காலண்டர் தாள்களையும், வீட்டில் கிடைத்த மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துப் போங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

அன்புடன்,
உங்கள் தம்பி, தங்கைகள்