ரஸ்தாளி விஷயத்தில் நான் சொன்னது தப்பு

அன்புள்ள முருகேசா,

போன வாரம் போனில் "உன் வாழைக்கு வாடல் நோய் இல்லடா, தைரியமா இரு" என்று சொன்னேனே, அதை மறந்துவிடு. இருக்கிறது. தப்பு என் மேல்தான், திட்டுவதாக இருந்தால் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு.

நீ அனுப்பிய தண்டில் செம்பழுப்புக் கோடு ஓடிய நாரை மட்டும் சீவி எடுத்து, திரவ நைட்ரஜனில் உறைய வைத்து மாவாக அரைத்து, 65 டிகிரி கரைசலில் ஊற வைத்து டிஎன்ஏ பிரித்தேன். அடியில் வெள்ளையாகத் தங்க வேண்டியது டீத்தூள் நிறத்தில் தங்கியது. அப்போதே உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை. டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்கும் பிசிஆரில் நோய்ப் பூஞ்சையைத் தேடி 35 சுற்று ஓட்டினேன், பூஞ்சை இருந்தால் ஜெல்லில் தெரிய வேண்டிய பட்டை ஒன்றுகூட இல்லை. உடனே உனக்கு போன்.

அன்று ராத்திரி கொருக்குப்பேட்டை கேட்டில் கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருக்கிறது, வண்டியை ஆஃப் செய்துவிட்டு நிற்கிறேன், என் சட்டைக் கையில் வாழைக்கறை. அம்மா எத்தனை தடவை கல்லில் அடித்துத் துவைத்தாலும் போகாதே, அதே கறை. அந்தக் கறைச்சத்து டிஎன்ஏவோடு ஒட்டிக்கொண்டு வந்தால் பிசிஆர் என்சைமை வேலை செய்யவே விடாது. அமெரிக்காவில் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் கிடைத்த பாக்டீரியாவிடமிருந்து வந்த என்சைம் அது, 95 டிகிரி சூட்டை அசால்ட்டாகத் தாங்கும், வாழைக்கறையிடம் மட்டும் மடங்கிவிடும்!

மறுநாள் வாழையின் சொந்த மரபணு ஒன்றுக்கான பிரைமரை, அதாவது எந்த டிஎன்ஏவை நகலெடுக்க வேண்டும் என்று காட்டும் சின்னத் துணுக்கை, போட்டு ஓட்டினேன். வாழைத் தண்டில் வாழை டிஎன்ஏ வராமல் போகுமா? வரவில்லை. அதாவது நோய் இல்லாததால் பட்டை வராமல் போகவில்லை, சோதனையே நடக்கவில்லை. இதை முதல் நாளே கூடவே ஓட்டியிருக்க வேண்டும், சோம்பல். அப்புறம் அதே டிஎன்ஏவைப் பத்துக்கு ஒன்றாகத் தண்ணீர் விட்டு நீர்த்து ஓட்டியதும் வாழையும் வந்தது, பக்கத்திலேயே வாடல் நோயை உண்டாக்கும் ஃபுசேரியம் பூஞ்சையின் பட்டையும் பளிச்சென்று வந்தது.

செத்துப்போன பூஞ்சையின் டிஎன்ஏவும் பிசிஆரில் தெரியும் என்பதால் ஒரு துண்டைத் தட்டில் வளர்க்கவும் வைத்திருக்கிறேன். ஆனால் அதற்காக நீ காத்திருக்காதே. அந்தப் பூஞ்சை மண்ணில் வருஷக்கணக்கில் கிடக்கும், ரஸ்தாளி என்றால் அதற்குக் கொள்ளை ஆசை வேறு. வாடிய மரத்துப் பக்கக்கன்றை எடுத்து நடாதே, அந்த வரப்புத் தண்ணீரை அடுத்த வயலுக்குத் திருப்பாதே, மம்முட்டி மண்ணைக் கழுவாமல் வேறு பக்கம் கொண்டுபோகாதே. அடுத்த போகம் நெல் போட முடியுமா பார், இல்லையென்றால் பூவனுக்கு மாறு.

இன்னொரு மாதிரி அனுப்பு. பாலிதீன் கவரில் இறுக்கிக் கட்டாதே, பிரித்ததும் லேப் முழுக்க அழுகல் வாடை. நாரை நிழலில் உலர்த்தி, பேப்பர் கவரில் போடு. அழுகின நடுப்பகுதி வேண்டாம், அங்கே கண்ட பூஞ்சையும் குடியேறியிருக்கும்.

பொங்கலுக்கு வரும்போது தார் கொண்டுவா, பழம் சாப்பிட ஒன்றும் பயமில்லை. மாதவரம் அக்கா தோட்டத்துக்குக் கன்று கேட்டாளே, அது மட்டும் வேண்டாம். அவளிடம் நானே சொல்லிவிடுகிறேன்.

உன்,
சேகர்
தண்டையார்பேட்டை