வலிப்பின் முதல் ஐந்து நிமிடங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வலிப்பு பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடங்களில் தானாகவே அடங்கிவிடும். ஐந்து நிமிடங்களைக் கடந்தும் நீடித்தால் அது உயிருக்கு ஆபத்தான அவசரநிலை என்பதும், தாமதம் கூடக்கூட அது மருந்துக்குக் கட்டுப்படுவது அரிதாகும் என்பதும் நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதிலேயே அந்த நேரம் கழிந்துவிடுகிறது.

வெட்டி இழுக்கும் கையில் நரம்பைத் தேடி ஊசி போடுவது மருத்துவமனையிலேயே கடினம். ஆனால் வலிப்பை அடக்கும் மிடசோலம் என்ற மருந்தை மூக்கில் தெளித்துவிடலாம். பயிற்சி பெற்ற தாயோ ஆசிரியரோ அதைச் செய்ய முடியும். அமெரிக்காவில் நடந்து 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆம்புலன்ஸ் பணியாளர்கள் தசையில் மிடசோலம் செலுத்தியவர்களில் 73 விழுக்காட்டினருக்கும், நரம்பு வழியே லோரசெபாம் என்ற அதே வகை மருந்தைப் பெற்றவர்களில் 63 விழுக்காட்டினருக்கும் மருத்துவமனையை அடையும்போது வலிப்பு நின்றிருந்தது. தசையில் விரைவாகச் செலுத்த முடிந்ததே இதற்கு முக்கியக் காரணம்.

மருத்துவரின் சீட்டு இருந்தும், என் மகளின் பள்ளி இந்த ஸ்பிரேயை வைத்துக்கொள்ள மறுத்தது. மருந்தால் மூச்சு மந்தமாகக் கூடும் என்ற அவர்களது அச்சம் நியாயமானதே. ஆயினும் அடங்காத வலிப்பு மூச்சை அதைவிட மோசமாகப் பாதிக்கும். மருத்துவர் குறித்துத் தரும் அளவின்படி இம்மருந்தைப் பள்ளிகள் வைத்திருக்கவும், ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்கவும் பள்ளிக் கல்வித் துறை தெளிவான ஆணை பிறப்பிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
மதுரை.