ஒரு இடத்துக்கு இரண்டு ஃபீஸ்: குமரி மாவட்ட இன்டர்நேஷனல் பள்ளித் தாளாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தாளாளர்களுக்கு வணக்கம்.

எனக்குக் கருங்கல் பக்கம். வீட்டுக்காரர் துபாயில் வேலை பார்க்கிறார். நானும் பிள்ளைகளும் அங்கே ஆறு வருடம் கூட இருந்தோம், அப்புறம் கம்பெனியில் சம்பளத்தைக் குறைத்தார்கள், வாடகை கட்டி மாளவில்லை, ஊருக்கு வந்துவிட்டோம். மூத்தவனை உங்களில் ஒருவருடைய பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்த்தேன். எந்தப் பள்ளி என்று இங்கே எழுதப் போவதில்லை. ஒரு பள்ளியோடு சண்டை போட இதை எழுதவில்லை, பிள்ளையைப் பாதியில் நிறுத்தினால் கட்டிய பணம் திரும்ப வராது என்பது, நாலு பேரிடம் விசாரித்த பிறகு, கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் இதே கதைதான் என்று தெரிந்ததால் எழுதுகிறேன்.

மார்ச்சில் கட்டிய கணக்கு இது. அட்மிஷன் ஃபீஸ் 30,000, காஷன் டெபாசிட் 20,000, இரண்டு டேர்ம் ஃபீஸ் சேர்த்து 70,000, புத்தகம் யூனிஃபார்ம் வேன் எல்லாமாக 18,000. மொத்தம் 1,38,000 ரூபாய். அதில் பாதி என் வளையலை அடகு வைத்த பணம், அது என் பாடு, அதை விடுங்கள். ஜூனில் பள்ளி திறந்து பதினோரு நாள் போனான். அதற்குள் துபாயில் என் வீட்டுக்காரருக்கு வேறு கம்பெனியில் நல்ல வேலை அமைந்து, குடும்பத்தையும் கூட்டிக்கொள்ளலாம் என்று ஆனது. பன்னிரண்டாவது நாள் நான் போய், மகனை நிறுத்திக்கொள்கிறோம் என்று எழுதிக் கொடுத்தேன்.

அக்கவுண்ட்ஸ் அறையில் இருந்த பிள்ளை முகத்தைக்கூட நிமிர்த்தாமல் "நோ ரீஃபண்ட் மேடம், ஃபார்மிலேயே இருக்கு" என்றது. தேடிப் பார்த்தேன், இருந்தது. ஃபார்மின் கடைசிப் பக்கத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில், ஆங்கிலத்தில் ஒரே வரி. சரி, டியூஷன் ஃபீஸ் போகட்டும், காஷன் டெபாசிட்? அதுவும் கிடையாதாம். திருப்பிக் கொடுப்பதற்கென்றே வாங்குகிற பணத்துக்குத்தான் டெபாசிட் என்று பேர் என்று நான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். டி.சி. கேட்டபோது முதலில் ஒரு தாளை நீட்டினார்கள், "எந்தப் பணமும் கேட்க மாட்டேன்" என்று அதில் கையெழுத்துப் போட்டால்தான் டி.சி. என்றார்கள். டிக்கெட் போட்டாயிற்று, அங்கே அட்மிஷனுக்கு டி.சி. வேண்டும், நான் போட்டுக் கொடுத்தேன்.

இதோடு போயிருந்தால் இந்தக் கடிதம் வந்திருக்காது. ஒரு வாரம் கழித்து எங்கள் தெருவிலேயே மூன்றாவது வீட்டில் இருக்கிற அக்கா வந்து, "உன் மகனுக்கு எடுத்த யூனிஃபார்ம் சும்மாத்தானே கிடக்கு, என் பேரனுக்குச் சரியா இருக்கும்" என்று கேட்டார். அதே பள்ளி. அதே வகுப்பு. ஒரு இடம் காலியாகி இருக்கிறது என்று போன் பண்ணிக் கூப்பிட்டார்களாம். முழு ஃபீஸ் வாங்கியிருக்கிறார்கள், ஒரு ரூபாய் குறைக்கவில்லை. துவைத்து இஸ்திரி போட்டு அந்த யூனிஃபார்மைக் கொடுத்தவள் நான்தான். ஒரு பெஞ்சில் ஒரு பிள்ளைதான் உட்கார முடியும், அந்த இடத்துக்கு இரண்டு வீட்டுப் பணம் உங்களிடம் இருக்கிறது.

உங்கள் பக்கத்து நியாயம் எனக்குத் தெரியாமல் இல்லை. டீச்சர்களுக்கு வருடம் முழுக்கச் சம்பளம் கொடுக்க வேண்டும். அக்டோபரில் ஒரு பிள்ளை போனால் அந்த இடம் அடுத்த ஜூன் வரை சும்மா கிடக்கும். கேம்பிரிட்ஜ் பாடத்திட்டம் நடத்துகிறவர்கள் தேர்வுக்குப் பெயர் கொடுத்துப் பணமும் கட்டிவிட்டால் அந்தப் பணத்தை உங்களிடம் கேட்பது முறையும் இல்லை. அந்த மாதிரி நஷ்டத்தைக் காட்டிப் பிடித்துக்கொள்ளுங்கள், நான் வாய் திறக்க மாட்டேன். ஆனால் ஜூனில், வெயிட்டிங் லிஸ்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஆறு மாதம் கழித்து வரப்போகிற டேர்முக்கான பணத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வதற்கு என்ன நஷ்டத்தைக் காட்டுவீர்கள்?

நாங்கள் துபாயை விட்டு வந்ததும் இதே மாதிரி நட்டநடுவில்தான், செப்டம்பரில். புது டேர்மில் ஒன்பது நாள் போயிருந்தான். அங்கே கே.எச்.டி.ஏ. என்று பள்ளிகளைக் கண்காணிக்கிற அரசு அமைப்பு ஒன்று இருக்கிறது, அது வைத்திருக்கிற கணக்கு எளிது: இரண்டு வாரமோ அதற்குக் குறைவாகவோ வந்திருந்தால் ஒரு மாத ஃபீஸ் பள்ளிக்கு, இரண்டு வாரத்துக்கு மேல் ஒரு மாதம் வரை என்றால் இரண்டு மாத ஃபீஸ், ஒரு மாதம் தாண்டினால் அந்த டேர்ம் முழுக்கப் பள்ளிக்கு. சேர்க்கும்போதே கையெழுத்து வாங்குகிற ஒப்பந்தத்தில் இருந்தது. ஒரு மாதத்தைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார்கள், நான் யாரையும் போய்ப் பார்க்கவில்லை, கெஞ்சவும் இல்லை. துபாய்ப் பள்ளிகள் தர்மத்துக்கு நடப்பவை என்று சொல்ல வரவில்லை, லாபத்துக்கென்றே நடக்கிற பள்ளிகள்தான் அங்கே நிறைய. விதி எழுதி இருந்தது, அவ்வளவுதான்.

அங்கே வரை போவானேன். நம்ம ஊர்க் கல்லூரிக்கே, பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 2018-இல், எப்போது விலகினால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்று படி வைத்துக் கொடுத்திருக்கிறது. அட்மிஷனின் கடைசித் தேதிக்குப் பதினைந்து நாள் முன்பே விலகினால் முழுப் பணம், அதில் செலவுக்கென்று ஐந்து சதவீதம் வரை, அதுவும் 5,000 ரூபாயைத் தாண்டாமல் பிடிக்கலாம். அதற்குப் பிறகு 90, 80, 50 சதவீதம் என்று இறங்கி, கடைசித் தேதி கழிந்து முப்பது நாள் தாண்டினால் ஒன்றும் இல்லை. என் அண்ணன் மகள் பி.எஸ்சி.யை விட்டு நர்சிங் போனபோது இந்தக் கணக்கில்தான் பணம் வாங்கினாள். பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு இருக்கிற இந்தப் படி, பதினோரு வயதுப் பிள்ளைக்கு இல்லை. தமிழ்நாட்டில் 2009-இல் வந்த பள்ளிக் கட்டணச் சட்டம், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு வைத்து எவ்வளவு வாங்கலாம் என்று நிர்ணயிக்கிறது, கூடுதலாக வாங்கினால் திருப்பிக் கொடுக்கவும் சொல்கிறது. பாதியில் போகிற பிள்ளைக்கு எத்தனை நாளுக்கு எவ்வளவு என்ற படிக்கட்டு அதில் இல்லை. அந்தச் சந்தில்தான் நீங்கள் எல்லாரும் வசதியாக உட்கார்ந்திருக்கிறீர்கள்.

டி.சி. விஷயத்தில் சந்தே கிடையாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, வேறு பள்ளிக்கு மாறப் போகிற பிள்ளைக்குத் தலைமையாசிரியர் உடனே டி.சி. கொடுக்க வேண்டும் என்கிறது. டி.சி. என்பது ஃபீஸ் பாக்கியை வசூலிக்கிற கருவி இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றமும் 2024 ஜூலையில் சொல்லிவிட்டது. பாக்கி வைத்தவர்களுக்கே அப்படி என்றால், பணம் பூராவும் முன்கூட்டிக் கட்டிய என்னிடம் கையெழுத்து வாங்கியதை என்னவென்று சொல்வது?

ஒக்கி புயல் வந்த 2017-இல் என் சித்தி மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தோம். நாள்கணக்கில் கரண்ட் இல்லை, மண்டபம் வேண்டாம் என்று வீட்டு முற்றத்திலேயே முடித்தோம். தக்கலைப் பக்கத்து மண்டபக்காரர் அட்வான்ஸில் பாதியைத் திருப்பிக் கொடுத்தார், ரசீதின் பின்பக்கத்தில் தமிழில் மூன்று வரி அச்சடித்திருந்தார், இத்தனை நாளுக்கு முன் சொன்னால் இவ்வளவு என்று. மண்டபக்காரருக்கு முடிந்தது, ஸ்மார்ட் போர்டு வைத்த உங்களுக்கு முடியாதா?

2011 கணக்கெடுப்பில் நம்ம மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். படிப்பு என்றால் இங்கே யாரும் கணக்குப் பார்க்க மாட்டார்கள், அது உங்களுக்கு நன்றாகத் தெரியும், அதனால்தான் மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவில் வரை ரோட்டோரம் இத்தனை ஃபிளெக்ஸ். அதில் கல்ஃப் பிள்ளைகளுக்கு ஏற்ற பள்ளி என்றும் போட்டுக்கொள்கிறீர்கள். கல்ஃப் குடும்பம் என்றால் வரும், போகும். விசா முடியும், வேலை போகும், திடீரென்று வேலை கிடைக்கும். எங்களைக் கூப்பிடும்போது தெரிந்த விஷயம், நாங்கள் போகும்போது மட்டும் எப்படி மறந்து போகிறது?

நான் கேட்பது ஒரு தாள். பணம் வாங்குவதற்கு முன்னால், தமிழில், வாசிக்கிற அளவு எழுத்தில். எது திரும்ப வராது, எது வரும், எத்தனை நாளுக்குள் எழுதிக் கொடுத்தால் எவ்வளவு, டெபாசிட் எந்தத் தேதிக்குள் கணக்கில் வரும் என்று அதில் இருக்கட்டும். தொடங்காத டேர்மின் பணத்தை வைத்துக்கொள்ளாதீர்கள், காலியான இடத்துக்கு வேறு பிள்ளை வந்துவிட்டால் பழைய பிள்ளையின் மீதியைக் கொடுத்துவிடுங்கள். அப்ளிகேஷன் ஃபீஸை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு யாரும் அழப் போவதில்லை. ஒரு பள்ளி முதலில் செய்தாலே மற்றவர்களும் செய்ய வேண்டி வரும், ஏனென்றால் வாட்ஸப்பில் அந்தத் தாள் எங்கள் அம்மாக்கள் குரூப் முழுக்க அன்றைக்கே சுற்றிவிடும்.

இதன் நகலை நாகர்கோவிலில் முதன்மைக் கல்வி அலுவலருக்கும் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். என் மகன் படித்த பள்ளிக்குத் தனியாக ஒன்று வரும், அதில் ரசீது எண்கள் இருக்கும். டெபாசிட் 20,000, தொடங்காத இரண்டாம் டேர்ம் 35,000. முதலில் இந்த இரண்டுக்கும் பதில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கருங்கல் பக்கத்து அம்மா ஒருத்தி