மற்றும் குழுவினர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் அமெரிக்கப் பாடகர் லூதர் வாண்ட்ராஸ் பற்றி வந்த கட்டுரையில், ‘வெறும் பின்னணிப் பாடகராகக் காலம் தள்ளியவர், 1981இல் திடீரென்று வெளிச்சத்துக்கு வந்தார்’ என்று ஒரு வரி இருக்கிறது. பின்னணிப் பாடகர் என்றால் நம் வாசகர் மனத்தில் யார் வருவார் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. நடிகர் திரையில் வாயசைக்க, தனிக்குரலில் பாடிப் பெயர் வாங்குகிறவர். வாண்ட்ராஸ் பாடியது கோரஸ். சொல் தவறியதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அந்த ‘வெறும்’ என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை.

1974இல் ஃபிலடெல்ஃபியாவில் ஆங்கிலேய ராக் பாடகர் டேவிட் போவியின் ஒலிப்பதிவு நடந்தபோது, அதில் கிடார் வாசித்த நண்பர் கார்லோஸ் அலோமரைப் பார்க்கப் போனவர் வாண்ட்ராஸ். ஓடிக்கொண்டிருந்த பாட்டுக்கு அவர் சும்மா பாடிப்பார்த்த ஒரு கோரஸ் வரி போவியின் காதில் விழுந்தது. அந்த வரி பாட்டில் ஏறியது. ‘யங் அமெரிக்கன்ஸ்’ ஆல்பத்தின் கோரஸை அமைக்கும் பொறுப்பும் அவரிடம் வந்தது. அதில் ஒரு பாட்டை இயற்றியவர்களில் அவர் பெயரும் இருக்கிறது. பிறகு ரோபர்டா ஃப்ளாக், பெட் மிட்லர் என்று பல பாடகர்களுக்குக் கோரஸ் பாடினார். விளம்பரங்களுக்குப் பாடினார். எழுபதுகளிலேயே தன் பெயரில் ஒரு குழு தொடங்கி, இரண்டு ஆல்பங்கள் வெளியிட்டு, அவை விற்காமலும் போயின. இத்தனைக்கும் பிறகு வந்ததுதான் 1981இன் ‘நெவர் டூ மச்’ ஆல்பம். இதில் ‘திடீர்’ எங்கே இருக்கிறது ஐயா?

நான் இருபத்திரண்டு ஆண்டுகள் கோரஸில் நின்றவள். நான்கு பேர் ஒரே மைக்கைச் சுற்றி நிற்போம். என் குரல் கொஞ்சம் கணீரென்று இருக்கும் என்பதால் என்னை எப்போதும் ஓர் அடி பின்னால் நிறுத்துவார்கள். சொல்லின் கடைசி மெய்யெழுத்தை நால்வரும் ஒரே கணத்தில் முடிக்க வேண்டும். ஒருத்தி ‘ல்’லைச் சற்று இழுத்தாலும் மறுபடி முதலிலிருந்து பாட வேண்டும். பக்கத்தில் நிற்பவள் எங்கே மூச்சு விடுவாள் என்பது மனப்பாடமாகியிருக்கும். தன் குரல் தனியாகக் கேட்காதபடி பாடுவதற்கு எத்தனை ஆண்டுப் பயிற்சி வேண்டும் என்பதை உங்கள் கட்டுரையாளர் ஒரு நாள் வந்து நின்று பார்த்திருந்தால் ‘வெறும்’ என்று எழுதியிருக்க மாட்டார்.

அந்த இருபத்திரண்டு ஆண்டுகளில் கேசட் உறைகளில் என் பெயர் ‘மற்றும் குழுவினர்’. ஒருமுறை முழுப் பல்லவியும் நாங்களே பாடினோம். அதற்கும் குழுவினர்தான். உங்கள் இதழின் கச்சேரி விமர்சனங்களிலும் கோரஸ் பிசகிய அன்று மட்டுமே எங்களைப் பற்றி ஒரு வரி வரும். சரியாகப் பாடிய நாட்களில் மேடையில் நாங்கள் இருந்ததே தெரியாது.

அமெரிக்கப் பாடகி டார்லீன் லவ்வின் நிலைமை இதைவிடக் கொடியது. 1962இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்த ‘ஹீ’ஸ் எ ரெபல்’ அவர் குரல். இசைத்தட்டில் அச்சானதோ, அன்று பாடவே இல்லாத ‘தி கிரிஸ்டல்ஸ்’ என்ற வேறொரு குழுவின் பெயர். பின்னாளில் வீட்டுவேலை செய்து பிழைக்க வேண்டிய காலமும் அவருக்கு வந்தது. ராக் அண்ட் ரோல் புகழ்மண்டபத்தில் 2011இல் சேர்த்தார்கள். பாட்டு வந்து நாற்பத்தொன்பது ஆண்டுகள் கழித்து.

அடுத்த இதழில் ‘பின்னணிப் பாடகர்’ என்பதைக் ‘கோரஸ் பாடகர்’ என்று திருத்தி ஒரு வரி வெளியிடுங்கள். இனி ஆல்பம் விமர்சனங்களில் கோரஸ் பாடியவர்களின் பெயர் உறையில் இருந்தால், அதையும் சேர்த்து அச்சிடுங்கள். நான்கு பெயர்களுக்கு அரை வரி இடம்கூட ஆகாது.

இப்படிக்கு,
தங்கள் இதழைத் தொடக்க நாள் முதல் படித்துவரும் வாசகி